விழப்போகிற பொம்மைக்கு ஒரு பனியன்

நல்லூரில் வீட்டு மாடியிலேயே சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு பெண் இன்ஜினியர் காரில் வந்தார். உடம்போடு ஒட்டிய பனியனும் அரை டிரவுசரும் வேண்டும், லேபிளே கூடாது என்றார். லேபிள் வேண்டாம் என்று சொன்ன பார்ட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"யாருக்குங்க?"

"இப்போ சொல்ல முடியாதுங்க. அளவெடுக்க ஆளையே கொண்டாந்திருக்கேன்."

கார்க் கதவைத் திறந்தார். பின் சீட்டில் பெல்ட் போட்டு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி இல்லை. நிஜ ஆள் கனம். முதுகிலிருந்து ஒயர்கள் தொங்கின.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தைக்கும் அக்கா என் காதோரம் வந்தார். "போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லிருவமா? பொறவு நம்மளத்தான் இழுப்பாவ."

போலீஸுக்குப் போகவில்லை. ஆனால் கார் நம்பரை போனில் படம் பிடித்துக்கொண்டேன். துணி வாங்க அவர் திரும்ப வந்தபோது, "எதுக்குன்னு சொன்னாத்தானுங்க குடுப்பேன்" என்றேன்.

"வெளிய தெரிஞ்சா கூட்டம் கூடிருமுங்க. நேர்ல வந்து பாருங்க."

துணியைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன நாளில் அக்காவும் நானும் போனோம். அவிநாசி தாண்டி, வேலி போட்ட ஒரு தரிசுக் காட்டில் பழைய குட்டி விமானம் கிரேனில் தொங்கியது. உள்ளே எங்கள் பனியனோடு பொம்மை.

"விழுந்தா உள்ள இருக்கறவங்களுக்கு எங்க அடிபடுதுன்னு பாக்கறமுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி சீட்டு, பெல்ட்டெல்லாம் மாத்தலாம்" என்றார் இன்ஜினியர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்சூரன்ஸுக்காக உடைக்கிறார்களோ என்றுதான் தோன்றியது.

கொக்கியை விட்டார்கள். விமானம் தரையில் மோதி நொறுங்கியது. புழுதி அடங்கியதும் ஓடிப் போய்ப் பார்த்தோம். பொம்மை முன்னால் கவிழ்ந்திருந்தது. வயிற்றுப் பக்கம் பனியன் கிழிந்து கிடந்தது. பழி நம் மேல் விழப்போகிறது என்று முந்திக்கொண்டேன்.

"தையல்ல குறை இல்லீங்க. வேணும்னா இழுத்துப் பாருங்க."

இன்ஜினியர் காதில் அது விழவே இல்லை. கிழிசல் மேல் கையை வைத்துக்கொண்டு மண்டி போட்டிருந்தார். "பெல்ட் இடுப்பை விட்டு வயித்துக்கு ஏறிருச்சுங்க. மனுசனா இருந்தா பொழைக்கிறது கஷ்டம்."

அக்கா பொம்மையின் தோளை மெல்லத் தொட்டார்.

பெல்ட்டின் பிடிமானத்தைக் கீழே இறக்கி, இன்னொரு பனியன் போட்டு, மறுபடி ஒரு விமானத்தைக் கீழே விட்டார்களாம். அந்த வீடியோவை யூனிட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். பெல்ட் இடுப்பிலேயே நின்றது.

"பொழச்சிட்டாம்லா!" என்று அக்கா கைதட்டினார்.

பனியன் கிழியாததை இன்னொரு தடவை பார்க்க, நான் வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னேன்.