எண்கோட்டில் கடல்

மகளுடைய கணக்கு ஆசிரியை புதிய தவணைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். கொப்பியின் முதற்பக்கத்தைச் சொந்தமாக அலங்கரிக்க வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள கணிதம் அதில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்டிக்கர் கூடாது. எனக்கு ஆசிரியை மேல் கோபம்தான் வந்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை கடைசியில் உம்மாமாரின் தலையில்தான் விழும்.

"காத்தாடி கீறட்டா உம்மா?" என்றாள். மாம்புரிப் பக்கம் கரையோரமாக நிற்கிற காற்றாலைகளைத்தான் சொன்னாள். மூன்று சிறகு, மூன்று கோணம், வேலை சுலபம். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் கீறிக்கொண்டு வருவார்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் போய் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தென்னைகள் கடல் வரைக்கும் ஒரே வரிசையில் தெரியும். என் மாமனார் கயிறு பிடித்துச் சம இடைவெளியில் நட்ட மரங்கள். கொஞ்ச நேரத்தில் எழும்பி உள்ளே ஓடி வந்தாள்.

"உம்மா, இது எண்கோடுதானே."

வீடு பூச்சியம். கடல் பக்கத்து மரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். வீட்டுக்குப் பின்னால் இருப்பவை மறை எண்கள்: றோட்டு, பள்ளிவாசல், பள்ளிக்கூடம். எனக்கே பொறாமையாக இருந்தது. இந்த மூளை யாருடைய வழியில் வந்ததென்று நான் சொல்லத் தேவையில்லை.

கடலை எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான் வினை தொடங்கியது.

அவளுடைய வாப்பா வெளியே சீமெந்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தோணி இறக்க முடியாத சோளகக் காற்று மாதங்களில் அவருக்குக் கை சும்மா இருக்காது. மகளுக்கென்று கடல் பக்கமாக ஓர் அறை கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் கட்ட மேசன் பாஸ் ஒருவர் தினமும் வந்து போனார். சுவர் என் இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது. நான் வேண்டாமென்று சொன்னதை இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடலை விட்டுத் தள்ளி மதுரங்குளியில் இருக்கும் என் கூடப்பிறந்த நானா, தன் காணியில் ஒரு மூலை தருகிறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். அதற்கும் இவர் சிரிப்பார். சோளகத்தில் கடல் எடுக்கிற மணலைப் பிறகு கடலே கொண்டுவந்து போடும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் என்பார்.

"ஒம்பதுல வை," என்றார் மகளிடம், தலையைத் தூக்காமல்.

அவள் நம்பவில்லை. கோடு போட எடுத்த அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அந்தப் பக்கம் நான் போய்க் கொஞ்சக் காலமாகியிருந்தது; பார்க்கப் பயந்துதான் போகாமல் இருந்தேன். கடைசி மரமான ஒன்பதாவது நின்றது, அது உண்மை. ஆனால் அதன் வேர்கள் வெளியே தொங்கின. அலை மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, எட்டையும் ஏழையும் கடந்து, ஆறாவது மரத்தின் அடியில் நுரையை விட்டுவிட்டுப் போனது. போன வருடம் நான் ஆடு கட்டிய கட்டை ஈர மணலில் சாய்ந்து கிடந்தது. நல்ல பகல், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாப்பா, கடல் ஆறுல," என்றாள் திரும்பி வந்து.

"ஒம்பதாம் மரம் நிக்கிதா இல்லயா?"

"நிக்கிது. ஆனா தண்ணி அதுக்குப் பின்னால வருதே."

"மரம் நிக்கிற வரைக்கும் அது எங்கட காணி மகள். நீ மரத்த எண்ணு."

இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டாரும் கடைசி மரம் விழும்வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது அவர்கள் சோறாக்கிய குசினியின் தரை மட்டும் தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரிகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேசன் பாஸ் பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

பின்னேரம் அவள் மேசையில் இருந்து கீறினாள். முதலில் எல்லாவற்றையும் பென்சிலால் கீறி, பிறகு கறுப்புப் பேனையால் அதன் மேல் இழுத்தாள். வீடு, மரங்கள், றோட்டு, பள்ளிவாசலின் மினாரா எல்லாம் இருந்தன. அழகாகவே வந்திருந்தது. அவர் கை கழுவிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். கடலை ஆறில்தான் போட்டிருந்தாள்.

"கடலுக்கு ஏன் பேனை போடல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"அது இன்னும் கிட்ட வரும்தானே வாப்பா. பேனையால கீறினா அழிக்க ஏலாது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கொப்பி ஊத்தையாகக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, "என்ட அறைய எங்க வைக்கிற? ஒண்டுலயா?" என்று கேட்டாள்.

அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மேசன் பாஸ் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வரவேணாம் பாஸ்."

"அப்ப நாளண்டைக்கு?"

"நான் சொல்லி அனுப்புறன்."

உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல், "உன்ட நானாக்கு போன்ல ஒரு கோல் எடு புள்ள," என்றார்.

மாதக்கணக்காக நான் சண்டை பிடித்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் போனை எடுக்கும் முன் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். இவருக்குப் பயமில்லை என்ற தைரியத்தில்தான் நான் இவ்வளவு காலமும் இந்த வீட்டில் நித்திரை கொண்டிருக்கிறேன்.