வெள்ளி மஞ்சளாக வேண்டும்

நானோ துகள் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: "என்ன செஞ்ச, காட்டு" என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. என்னைப் போலவே கண்ணுக்குத் தெரியாததோடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்களே, இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

பத்து விரல்

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக வெள்ளி நானோ துகள் செய்கிறேன். அதற்கு வேண்டிய சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு பட்டால் தோல் கறுத்துவிடும். எந்த சோப்புக்கும் போகாது. கையுறை கிழிந்த ஒருநாள், ஓரிக்கை பேருந்தில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன். கண்டக்டர் விரல்களையே பார்த்தார்.

"எந்த ஊர்லக்கா எலெக்‌ஷன்? பத்து வெரல்லயும் மை வெச்சிக்கிறாங்க."

கலங்கல் தண்ணீர்

வெள்ளி உப்பைத் துகளாக்க நான் நம்பியிருப்பது பட்டின் பசையை. கச்சாப் பட்டை வேகவைத்தால் பசை இறங்கித் தண்ணீர் கலங்கும். மற்றவர்கள் அதைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். சாயப்பட்டறை வரதன் அண்ணனிடம் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரைக் கேனில் கொடுத்து, சோப்பு போடாமல் இதில் கொஞ்சம் பட்டை வேகவைத்துத் தரச் சொன்னேன்.

முதல் தடவை பக்கத்திலேயே நின்று, கொதித்து வற்றியதை அப்படியே வாங்கி வந்தேன். வெள்ளிக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் அழகான மஞ்சள். அவ்வளவு பொடித் துகளானால்தான் வெள்ளிக்கு அந்த நிறம் வரும். சந்தோஷம் தாங்காமல் பாட்டிலில் எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினேன்.

"வெள்ளியப் போட்டா மஞ்சளா வருது? எங்க தொழில்ல இத சாயம் தப்பிப் போச்சின்னு திருப்பி அனுப்பிடுவாங்கமா."

பால்

அடுத்த மூன்று கேன்களை அண்ணனே வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார், பாவம். மூன்றிலும் வெள்ளியைச் சேர்த்ததும் பால்போல வெளுத்தது. இரண்டு வருட உழைப்பு. அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். என் வழிகாட்டிப் பேராசிரியை குடுவையைக்கூடத் தொடவில்லை.

"ஒரு தடவ வந்தா அதிர்ஷ்டம்மா, மூணு தடவ வந்தாத்தான் ஆராய்ச்சி. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா இந்த அத்தியாயத்த எடுத்துடு."

குறைகேன்

மறுநாள் பட்டறைக்கே போய் நின்றேன். வெந்த தண்ணீர் முக்கால் கேன்தான் தேறியது. அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போய்க் கழுத்துவரை நிரப்பினார். பதறிப்போய்க் கேட்டேன். "படிக்கிற பொண்ணுக்குக் கொறையா குடுத்தா நல்லாவா இருக்குது?" என்றார். குழாய்த் தண்ணீரில் இருக்கும் துளி உப்பு போதும், வெள்ளி பாலாகிவிடும். கோபப்படத்தான் போனேன், முடியவில்லை.

புதிதாகக் காய்ச்சி வடித்த நீரில் திரும்ப வேகவைக்கச் சொல்லி, குறையாகவே வாங்கி வந்தேன். அடுத்தடுத்து மூன்று தடவையும் மஞ்சள். அத்தியாயம் பிழைத்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சந்தோஷம்மா. ஆனா கொறையா எடுத்துக்கினு போனத, வரதன் குடுத்தான்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத."

வெள்ளியை மஞ்சளாக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், அண்ணனைச் சங்கடப்படாமல் முக்கால் கேன் கொடுக்க வைப்பதுதான் இன்னும் எனக்குக் கைவராத பரிசோதனை.