அத்தானின் வலது கால்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் கார்க்காரர் என்று பெயர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மழை இல்லாவிட்டால், பெரிய சாலை வரை போய்த் திரும்புகிற ஒரு பழைய வண்டிக்காக இந்தப் பட்டம். மற்ற நாளெல்லாம் அது ஷெட்டில் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். அந்த உறையைத் தைத்தவள் என் அக்கா. உள்ளே சீட் கவர் தைத்தவளும் அவள்தான். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுத்து, திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தோளில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு மூட்டை என்று சுமந்துகொண்டு பஸ்ஸில் இடிபட்டுப் போவாள். கார் வீட்டில் சொகுசாக இருக்கும்.

இத்தனைக்கும் அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. காலாவதியாகும் போதெல்லாம் மறக்காமல் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

அத்தான் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் அடுக்குகிறவர். அங்கே மேனேஜர் இருமினால்கூட எழுந்து நிற்பார் என்று கேள்வி. அந்த முதுகெலும்பை வைத்துக்கொண்டு வீட்டில் எதைப் பீற்றிக்கொள்வது? சிலருக்கு வாய் நீளம், சிலருக்குக் கை நீளம். அத்தானுக்கு வலது காலே சொத்து. அவர் வண்டியின் பிரேக் அந்தக் காலத்துச் சமாசாரம். முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் பெடலில் இறக்கினால்தான் நிற்கும். நின்றதும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். கைதட்ட வேண்டுமாம்.

கல்யாணமான புதிதில் அக்கா ஒரே ஒரு தடவை ஓட்டினாள். பெடலை மிதித்தும் வண்டி நிற்காமல் எதிர்வீட்டு வாசலுக்குப் போய் நாலைந்து பூந்தொட்டிகளை நொறுக்கிவிட்டது. அன்றோடு சாவி அத்தானின் சட்டைப்பைக்குள் போயிற்று. அந்தத் தொட்டிக் கதையை அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. "இதை நிறுத்த உன் காலால முடியாதும்மா" என்று முடிப்பார். அக்கா சிரித்துவைப்பாள்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற காலில் முட்டி போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஷெட்டுக்குள் விட்டவர், நிறுத்த முடியாமல் பின்சுவரில் இடித்தார். அலமாரியிலிருந்த பாலிஷ் டப்பாவெல்லாம் பானெட்டின் மேல் கொட்டின. தரை ஈரமாம், வழுக்கியதாம். தரை காய்ந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ராத்திரியெல்லாம் அவருக்குத் தைலம் தேய்த்தது யார் என்று கேட்கவா வேண்டும்.

கொஞ்ச நாளில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கறுப்புச் சட்டி போல ஒரு பூஸ்டர், அதன் மூக்கில் பொருத்த ஒரு புது மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது சிலிண்டரின் வேலை. எஞ்சினின் உறிஞ்சு பலத்தை வாங்கி அந்த மிதிக்குத் தெம்பு கொடுப்பது பூஸ்டரின் வேலை. அக்காவின் துணி மூட்டைகளைத் தரையில் தள்ளிவிட்டு, இரண்டையும் சோபாவில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். வண்டிக்கு மரியாதை செய்கிறாராம். முட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இனிமே சின்னக் குழந்தை மிதிச்சாக்கூட நிக்கும்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டு, "அப்போ நான் மிதிச்சா?" என்று கேட்டாள்.

அவர், வண்டி ஓட்டுவதென்றால் பிரேக் மட்டுமா, அதற்கு நிதானம் வேண்டும், பழக்கம் வேண்டும் என்று ஆரம்பித்தார். இத்தனை வருஷம் காலைக் காட்டி ஏமாற்றிய மனுஷர், கால் போனதும் நிதானத்துக்குத் தாவிவிட்டார். வெட்கங்கெட்ட ஜென்மம் என்று மனசுக்குள் திட்டினேன். அக்கா மறுபடி ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் நுழையவே இல்லை.

அடுத்த ஞாயிறு மெக்கானிக் வந்து, பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, எஞ்சினிலிருந்து பூஸ்டருக்கு ஒரு குழாயும் இழுத்துவிட்டார். இனிக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதற்கு ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். அத்தான் ஜம்பமாக ஏறி உட்கார்ந்தார். நாலு மிதியில் முகம் கோணியது. உடனே ஏதோ போன் வருகிறது என்று வீட்டுக்குள் நொண்டிக்கொண்டு போனவர்தான். வராத போனை அப்படிப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை.

அக்கா புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறினாள். மெக்கானிக் அழுத்தச் சொன்னபோது அழுத்தினாள், பிடிக்கச் சொன்னபோது பிடித்தாள், விடச் சொன்னபோது விட்டாள். தையல் மெஷினை மிதித்துப் பழகிய கால். நாலு சக்கரமும் முடிய மத்தியானமாகிவிட்டது. கடைசியில் பெடலை அழுத்தியபடியே எஞ்சினைப் போடச் சொன்னார்.

"கால் கீழ இறங்குதா?"

"கொஞ்சம் இறங்குது. தானா இறங்குது."

"அப்போ பூஸ்டர் வேலை செய்யுதுக்கா."

அக்கா உடனே இறங்கவில்லை. இன்னும் இரண்டு தடவை மெதுவாக மிதித்துப் பார்த்தாள்.

ஓட்டிப் பார்க்க மட்டும் அத்தானுக்கு முட்டி சரியாகிவிட்டது. மெக்கானிக் அவர் பக்கத்தில், நானும் அக்காவும் பின்னால். லேசாக மிதித்தால் போதும் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். குடோன் தெருவில் அத்தான் முதல் பிரேக் போட்டார், பழைய வழக்கப்படி முதுகை முட்டுக்கொடுத்து, மொத்த உடம்பையும் இறக்கி. டயர் அலறியது. அவர் நெற்றி ஸ்டியரிங்கில், என் மூக்கு முன் சீட்டில். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை பின்னால் வந்த பால் வண்டி மயிரிழையில் நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, அத்தானின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் பீற்றிக்கொண்ட கால், லேசாக மிதி என்றால் கேட்குமா?

"சார், நீங்க இந்தப் பக்கம் நகருங்க. அக்கா ஓட்டட்டும்" என்றார் மெக்கானிக். "காலைலேர்ந்து அவங்க கால்தான் இதுல இருக்கு."

"இவளா? அன்னைக்குப் பூந்தொட்டி..." என்று அத்தான் வாயெடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் அக்கா இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் பின்னால் வந்துவிட, அத்தான் நெற்றியைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்.

ஒரு தடவை எஞ்சின் அணைந்தது. அடுத்த தடவை வண்டி கிளம்பியது. வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு திரைச்சீலை மூட்டைகளை எடுத்து வரச் சொன்னாள். நானும் மெக்கானிக்கும் அவற்றைப் பின் சீட்டில், அவளே தைத்த கவரின் மேல் வைத்தோம். மெக்கானிக் விடைபெற்றுக்கொண்டார், நான் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அத்தான் இறங்கவில்லை. வண்டியை அவளை நம்பி விட மனசில்லை போலும்.

பெரிய சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. அத்தான் முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, வலது காலால் வெறும் தரையை மிதித்து அழுத்தினார். முட்டி வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியும் காலை எடுக்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தாள்.

"விடுங்க" என்றாள். "வண்டி அப்பவே நின்னாச்சு."