எட்டு டம்ளர் காபி

அந்த ரமலான் மாதத்தில் எட்டுப் பொய் சொன்னேன். எட்டும் ஒரே வீட்டில், ஒரே அம்மாவிடம், நோன்பு வைத்த வாயோடு. அதில் ஒரே ஒரு நாள் மட்டும் நான் நோன்புகூட இல்லை. அந்த வெட்கக்கேட்டைப் பிறகு சொல்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். மழைக்காலம் முடிகிற நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்து ஏற்காட்டில் ஒரு மாடி அறையில் குடியேறினேன். மலையில் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான். என்ன பெயர், என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதுவரை டம்ளரில் வந்த மோர் அடுத்த முறை எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் குடித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து கேட்டால் ஒழிய சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அது என் அம்மா இறந்த பிறகு வந்த முதல் நோன்பு. நான் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப அம்மாதான் போன் செய்வார். "எந்திரிச்சிட்டியா, இல்ல படுத்துக்கிட்டே ஆமாங்கிறியா?" என்று திட்டிவிட்டுத்தான் வைப்பார். இப்போது அலாரம் எழுப்பியது. அலாரத்துக்கு என்னைத் திட்டத் தெரியாது. அந்தக் குளிரில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, முந்தின நாள் குழம்பைச் சூடாக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள், எல்லா மதத்துக்காரர்களும் தூக்குப் போணியோடு வந்து வாங்கிப் போவார்கள். நானும் இரண்டு நாள் போணியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். தெரியாத ஊரில் தனியாகப் போய்க் கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கொடுக்க வரும், வாங்க வராது. இதை ஒரு நல்ல குணம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன வீடு செம்மநத்தத்தில் இருக்கிறது. குறுகலான பாதையில் பஸ் போய் இறக்கிவிடும், அதற்கு மேல் ஒற்றையடித் தடத்தில் ஏற வேண்டும். கொஞ்சம் காபிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, கீழே ராகி போட்ட ஒரு துண்டு நிலம். அந்த வீட்டு மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. ரத்தம் மிகவும் குறைவு. மாத்திரை போடுகிறாளா, கால் வீங்குகிறதா, பிரஷர் என்ன என்று வாரம் இருமுறை பார்த்தாக வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதம் வாங்க வேண்டும். அந்தச் சம்மதம் அவளிடம் இல்லை, மாமியாரிடம் இருந்தது. நான் அம்மா என்று கூப்பிட்டது அந்த மாமியாரைத்தான்.

முதல் நோன்பன்று போனபோது, நான் பையை இறக்குவதற்குள் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்துவிட்டது. பால் தாராளமாக விட்ட காபி, மேலே ஆடை படிந்திருந்தது.

"ஏனுங்க நர்ஸம்மா, நம்ம தோட்டத்துக் காபிங்க. குடிச்சுப் பாருங்க."

"இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேம்மா" என்றேன். முதல் பொய்.

நோன்பு என்று சொன்னால் என்ன? மனதுக்குள் மார்க்கக் காரணம் ஒன்று தயாராக இருந்தது: நோன்பு எனக்கும் இறைவனுக்கும் நடுவில் உள்ளது, அதை ஊருக்குச் சொல்லிக் காட்டக் கூடாது. கேட்க எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! இரண்டாம் முறை வயிறு சரியில்லை என்றேன். மூன்றாம் முறை அந்த அம்மா காபியோடு வயிற்றுக்கென்று கஷாயமும் வைத்துக் காத்திருந்தார். சோம்பு, இஞ்சி, ஏதோ மலைத் தழை. சூடாக ஒரு டம்ளர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் கஷாயமெல்லாம் கூடாது என்றுவிட்டார் என்றேன். அதோடு காபியும் கூடாதாம் என்று சேர்த்துக்கொண்டேன், இனி பிரச்சினை தீர்ந்தது என்று. அந்த அம்மாவுக்குத் தீரவில்லை. ஒவ்வொரு முறையும் டம்ளர் வந்தது.

ஆறாவது டம்ளர்தான் நான் சொன்ன அந்த நாள். மாதவிலக்கு நாட்களில் எங்களுக்கு நோன்பு இல்லை. விட்டதைப் பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். அன்று நான் தாராளமாகக் குடித்திருக்கலாம். மலை ஏறிய களைப்பு, ஆவி பறக்கும் காபி, குடிக்கச் சொல்லி எதிரே நிற்கும் ஒரு முகம். ஆனால் டாக்டர் வேண்டாம் என்றாரே? குடித்தால் முன்பு சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாதா? வேண்டாம் என்று தலையாட்டினேன். இறைவனுக்காக மறுத்தேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். தண்ணீர் கசந்தது.

கடைசிப் பத்து நோன்பில், வேலை குறைந்து வருமானம் சுருங்கிய ஒரு வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். யார் வீடு என்று வெளியே சொல்ல மாட்டார். இந்த வருடம் அதை நான் செய்ய வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். காபிப் பழம் பறிப்பு முடிந்துவிட்டதால் எஸ்டேட்டில் கூலி வேலை அதிகம் இல்லை. அந்த வீட்டு மகன் வாரத்தில் பாதி நாள் சும்மா இருந்தான். செம்மநத்தம் வீடுதான் என்று முடிவு செய்தேன். மூச்சு வாங்க வாங்க அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு தடத்தில் ஏறினேன். அன்று ஒன்பதாம் முறை. மனதில் ஒரு மிதப்பு இருந்தது, பொய் சொல்வானேன்.

டம்ளர் வரவில்லை. அந்த அம்மா வாசலில் நின்று பையைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"ஊட்டுக்குக் கொஞ்சம் அரிசிம்மா." ஊடு என்பது அதற்குள் என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, முந்தாநேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில வடையும் டீயும் சாப்பிட்டீங்களாமே. எம் பையன் பாத்துட்டு வந்து சொன்னான்."

ஆமாம், சாப்பிட்டேன். சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு முகாம் முடிந்து வந்து இறங்கும்போது நோன்பு திறக்கும் நேரம் ஆகிவிட்டது. நின்ற இடத்தில் திறந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஆரோ குடிச்ச கிளாசுல டீ குடிக்கறீங்க. எங்க ஊட்டு டம்ளர்ல ஒரு வாய் குடிக்க மாட்டீங்க. ஆனா நீங்க குடுக்கற அரிசிய மட்டும் நாங்க வாங்கிக்கோணும். அப்படித்தானுங்களே?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த மரியாதையான ‘ங்க’ ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்தது. நோன்பு என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். எட்டு முறை வாயில் வந்ததைச் சொன்ன பிறகு, அது ஒன்பதாவது பொய்யாகத்தான் கேட்டிருக்கும்.

"எடுத்துட்டுப் போங்க. அவளையும் இனி நீங்க பாக்க வேண்டாமுங்க. எங்களுக்கெல்லாம் ஊட்டுலயே பிரசவம் ஆகலீங்களா?"

பையோடு இறங்கி வந்தேன். ஏறும்போது இருந்ததைவிட அது கனத்தது.

அன்று அறையில் நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அடக்கம் அடக்கமல்ல, பேப்பர் கப்புக்குப் பயந்த பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்து பயந்து, கடைசியில் அந்த மோர் கொடுத்த வீட்டில் எனக்குச் செய்ததையே அந்த அம்மாவுக்கு நான் செய்திருக்கிறேன். ஒருவர் வீட்டு டம்ளரைத் தொட மறுத்திருக்கிறேன். அதனால் அந்தப் பெண் ரத்தம் இல்லாத உடம்போடு வீட்டிலேயே பிரசவத்துக்குப் படுக்கப் போகிறாள். போன் செய்து சொல்லி அழ அம்மா இல்லை. சுவரைப் பார்த்து அழுதேன்.

மறுநாள் மாலை பஸ்ஸில் மறுபடி போனேன். அரிசியை எடுக்கவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும்கூட எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். ஒரு மழை பெய்து முடிந்து, காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து மணத்தன. அந்த அம்மா முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எனக்குக் குடிக்க ஏதாவது குடுங்க. இப்ப வேண்டாம். ஆறரைக்கு மேல."

"அதென்னங்க, ஆறரைக்கு மேல?"

"நோன்பு இருக்கேன். நாங்க முஸ்லிம். இது ரம்ஜான் மாசம்."

முறம் நின்றது. "மாசம் பூராவுங்களா?"

"ஆமாங்க."

"தண்ணி கூடவா?"

"தண்ணியும் இல்லீங்க. சொல்லப் பயந்துக்கிட்டு வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். வயிறும் நல்லாத்தான் இருக்கு, டாக்டரும் ஒண்ணும் சொல்லல."

"நொம்ப நல்லா இருக்குதுங்க!" என்று வெடித்தார். "அந்தக் கசாயத் தழைக்கு நான் பள்ளம் வரைக்கும் எறங்கிப் போனேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழுது எறங்கினதும் வாங்கன்னு சொல்லியிருக்க மாட்டனா?"

முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போனில் சிக்னல் இல்லை, பள்ளிவாசல் பாங்கும் கேட்காது. பையில் இருந்த நோன்பு அட்டவணைதான் கணக்கு. வெளிச்சம் ஓக் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அட்டவணையில் போட்ட நேரம் வந்தது, போனது. நேரம் வந்தால் தாமதிக்காமல் திறக்க வேண்டும் என்பார்கள். திறக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வர மாட்டார் என்றே நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்று என் கால்கள் சொன்னதையும் மறைக்க மாட்டேன்.

அவர் வந்தார். கையில் அதே எவர்சில்வர் டம்ளர்.

"குடிங்க. நான் பாக்கோணும்" என்று எதிரே நின்றுகொண்டார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தேன். வெல்லம் போட்ட வரக்காப்பி, ஒரு சொட்டுப் பால் இல்லை. தொண்டையில் சுடச்சுட இறங்கியது.

நான் டம்ளருக்குள் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். முகம் சிறுத்துப்போனது.

"பால் இல்லீங்க. நாங்க குடிக்கறது எப்பவும் இதுதானுங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் காத்தால கடைக்குப் போயி ஒரு பாக்கெட் வாங்கியாருவேன். எப்படியும் குடிக்க மாட்டீங்கன்னு நேத்து வாங்கலீங்க. இன்னிக்கு நீங்க வருவீங்கன்னே நெனைக்கலீங்க."

எட்டுப் பாக்கெட் பால். ரத்தம் குறைந்த ஒரு பெண் உள்ளே படுத்திருக்கும் வீட்டில், வேலை இல்லாத மாதத்தில், எனக்கென்று வாங்கிய பால். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே யாருக்குக் கொடுக்கப் போனேன்? தலை நிமிர முடியவில்லை. அடிமண்டி வரை குடித்தேன்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"கடைசி பஸ்ஸுங்க, போயிருமுங்க" என்றார்.

"போகட்டும்மா" என்று டம்ளரை நீட்டினேன். "இன்னொரு டம்ளர் குடுங்க."