ஒரு பொட்டுகூட மிஞ்சாத வாய்

குளியலறையில் கொப்பளிக்கும் சத்தம் ஓயவில்லை. அடுப்படியில் தோசையைத் திருப்பியபடி சொர்ணலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நின்றது. காறித் துப்பும் ஓசை. மறுபடியும் கொப்பளிப்பு. கழுவுதொட்டியில் இன்றைக்கும் சிவப்புதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் சண்முகவேல் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் அறையைக் கூட்டித் துடைத்து, மூலைமுடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த கலவைக்கு விடுவார். "ஒரு பொட்டு தங்கக் கூடாதுலே! அது தங்குச்சுன்னா நாம தங்க மாட்டோம்" என்பார் ஆட்களிடம்.

வீட்டிலும் அந்தக் கைகள் சும்மா இருப்பதில்லை. மனைவி கூட்டிய இடத்தை மறுபடி கூட்டுவார். சாப்பிடும்போதே சிந்திய பருக்கைகளைப் பொறுக்குவார். ஈறில் ரத்தம் கசிந்ததும் வாயையும் மருந்து அறையாகவே நடத்தத் தொடங்கினார். விடிந்ததும் உப்பு வைத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பு. காபி குடித்தாலும் கிருமிநாசினிக் கொப்பளிப்பு. தீபாவளிச் சீசனில் அந்தக் கிருமிநாசினிப் பாட்டிலும் அவரோடு ஆலைக்குப் போனது. இத்தனைக்குப் பிறகும் முன்பற்கள் இரண்டும் ஆடின. காராச்சேவு என்றால் உயிரை விடுகிறவர், இப்போது தட்டைத் தள்ளி வைத்தார்.

மதுரையில் பல் டாக்டராக இருக்கும் அவருடைய அக்கா மகள் ஐஸ்வர்யா அன்று வந்திருந்தாள். டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்தாள்.

"ஈறுக்கு அடியில பல்லுல காரை கட்டிக் கெடக்கு மாமா. கெட்ட கிருமி அங்கனதான் இருக்கு. உங்க கொப்பளிப்பு அங்க எட்டாது. மேல இருக்க நல்ல கிருமியத்தான் கொல்லுதீக."

"கிருமியில என்ன பாப்பா நல்லது?"

"அதுக எடத்தப் புடிச்சு உக்காந்திருந்தா கெட்டதுக்குப் பரவ எடம் கெடைக்காது. நீங்க காலி பண்ணிக் குடுக்கீக."

"காலியா இருந்தாத்தானே பயமில்ல?"

"அது மருந்து ரூமுக்கு. இது வாயி."

"நல்லாச் சொல்லுத்தா! அடுப்பத் தேச்சே ஓட்டையாக்குன மனுசன்" என்றாள் சொர்ணலட்சுமி.

ஐஸ்வர்யா அவர் கையைப் பிடித்தாள். "திங்கக்கெழம வாங்க, காரைய நான் எடுத்து விடுதேன். அதுவரைக்கும் உப்பும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். மெதுவான பிரஷ் மட்டும். இப்படியே தேச்சீகன்னா ரெண்டு பல்லும் போயிரும்."

"கை வைக்காம எப்படி பாப்பா இருக்கது?"

"இருந்து பாருங்க மாமா."

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் மறையும்வரை பார்த்துவிட்டு அவர் கதவைச் சாத்தினார். கால்கள் தாமாகக் குளியலறைப் பக்கம் திரும்பின. சொர்ணலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் நின்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.