இண்டிகிர்காவில் ஐஸ் உடைந்திருக்கும்

ஞாயிறு காலை. வாரம் முழுவதும் சேர்ந்த அலுப்பைத் தூங்கித் தீர்த்துக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. சோதிநாதன் அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அக்காவின் குரல்.

"தம்பி, அவர் போயிட்டார்."

நான் அழவில்லை. "வாறன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். வருத்தத்தை விடக் களைப்புத்தான் முதலில் வந்தது.

மெல்பேர்னுக்கு மேற்கே ஒரே பள்ளிக்கூடத்தில் நானும் சோதிநாதன் அண்ணையும் படிப்பித்தோம். எனக்குக் கணக்கு, அவருக்குப் பூமிசாஸ்திரம். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், எதைப் பற்றிக் கதைத்தாலும் கடைசியில் இண்டிகிர்காவில்தான் போய் நிற்பார். சைபீரியாவின் வடகிழக்கில் மலைகளை அறுத்துக்கொண்டு இறங்கி, மரமில்லாத சதுப்புவெளியில் கிளைகிளையாகப் பிரிந்து ஆர்க்டிக் கடலில் விழும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். கரை இடிந்தால் பழைய காலத்து யானைகளின் தந்தம் வெளியே வரும். கலைமான், வெள்ளைக் கொக்கு, வெள்ளை நரி எல்லாம் அங்கே உண்டு. இவ்வளவும் எனக்கு ஆசிரியர் அறையில் தேத்தண்ணீரோடு வந்து சேர்ந்த அறிவு.

அந்த ஆற்றில் அவருக்கு ஏன் அப்படி ஒரு பைத்தியம் என்பது அவர் என்னைப் பக்கத்து வெரிபீக்குக் கூட்டிப் போனபோதுதான் விளங்கியது. அங்கேயுள்ள நகரத்துக் கழிவுநீர்ப் பண்ணையின் சேற்றில் உள்ளான் குருவிகள் ஆயிரக்கணக்கில் மேய்ந்தன. இண்டிகிர்காப் பக்கத்துக் குறுங்கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே வந்து கொழுத்து, திரும்பவும் அங்கே போகிற பறவைகள். நாற்றம் தாங்காமல் நான் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன்.

"அதுகள் பாதி உலகம் பறந்து வந்திருக்குதுகள். உமக்கு ரயிலில வரவே களைச்சுப் போச்சோ?" என்றார்.

ஒருமுறை ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய அக்காவின் தம்பியையும் கூட்டிப் போனோம். அவன் வாயைப் பிளந்தான். "அத்தான், இவ்வளவு கறியும் சும்மா ஓடித் திரியுது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "அது வீட்டுக்கு வந்த விருந்தாளியடா. விருந்தாளியைச் சட்டியில போடுறதோ?" அன்று மத்தியானம் அக்கா வைத்த கோழிக்கறியை மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சில ஆண்டுகளில் இளம் பறவைகள் குறைவாக வரும். "அங்க எலி குறைஞ்சு போச்சு. பசிச்ச நரி குஞ்சுகளைத் திண்டிட்டுது" என்பார், அடுத்த வீட்டுச் செய்தி போல. இங்கிருந்தே இவ்வளவும் சொன்ன மனிதருக்கு அந்த ஆற்றை ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சோவியத் அனுமதிக்கு எத்தனையோ தரம் எழுதினார். மொஸ்கோவுக்கு வரலாம், அந்தப் பக்கம் வெளிநாட்டாருக்கு இல்லை என்றே பதில் வரும். கதவுக்குப் பின்னால் அந்தப் பயணத்துக்கென்று வாங்கிய தடித்த சப்பாத்து ஒரு சோடி, காலில் ஏறாமலே கிடந்தது.

அக்காவுக்கு அந்த ஆறு சக்களத்தி மாதிரி. "குசினிக்கு வந்தாலும் ஆறு, படுக்கப் போனாலும் ஆறு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு தம்பி" என்று என்னிடம் புலம்புவார்.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மூச்சு வாங்கியது.

"அதுகள் அங்க போயிட்டுதுகளே?"

"ஓம் அண்ணை. சேறு வெறிச்செண்டு கிடக்கு."

"அப்ப சரி. எனக்கு ஏலாது. அதுகளாவது போகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போனபிறகு வந்த ஜூன் மாதம். பள்ளிக்கூடம் முடிந்து, குளிரில் ரயிலுக்குக் காத்து நின்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, ரெலிபோன் அடித்தது. அக்கா. சாப்பிட்டாயா என்று கேட்டார், குளிரைப் பற்றிச் சொன்னார். பிறகு தயங்கினார்.

"தம்பி, அங்க இப்ப ஐஸ் உடைஞ்சிருக்குமே?"

எனக்கு என்ன தெரியும், நான் கணக்கு வாத்தி. ஆனால் ஜூன் பிறந்தால் அண்ணை ஆசிரியர் அறையில் "ஐஸ் உடைஞ்சிட்டுது" என்று சொல்வது காதில் இருந்தது.

"ஓம் அக்கா, உடைஞ்சிருக்கும். அதுகளும் போய்ச் சேர்ந்திருக்கும்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

இனி ஒவ்வொரு ஜூனிலும் அக்கா கேட்பார். பதில் சொல்ல அண்ணை இல்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.