வெர்லின் பிரிக்காத உறை

எங்கள் கிளேபர்ன் ஊரில் யாராவது "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே "உறை இருக்கா?" என்று கேட்பார். உறை இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு தட்டில் இருக்கும் முட்டையைச் சாப்பிட வேண்டியதுதான். இந்தியானாவில் வேறு எந்த ஊரிலும் இந்த வழக்கம் கிடையாது. கொண்டுவந்தவன் வெர்லின் ஏக்கர்ஸ். பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் தலைமை மெக்கானிக். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் உறைகளெல்லாம் இருபத்தேழு வருஷமாக என் டைனர் சாப்பாட்டுக் கடையில், காபி மெஷினுக்கு மேலே, ஒரு பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கின்றன.

அது ஆரம்பித்த கதை சின்னது. எங்கள் மில்லர்ஸ் கூடைப்பந்து அணிக்கு ஒரு வருஷம் ஒரு ஆட்டக்காரனைக் கொண்டுவந்தார்கள். செய்தி வந்த அன்று என் கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். அவன் சொதப்பியதும் அதே ஆட்கள் அதே ஸ்டூல்களில் உட்கார்ந்துகொண்டு, இவன் தேற மாட்டான் என்று அன்றைக்கே தெரியும் என்றார்கள். வெர்லினுக்குப் பொய் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் ஆர்டர் எழுதும் தாள் ஒன்று கேட்டான். இனிமேல் அணி ஒரு ஆளை எடுத்தாலோ கொடுத்தாலோ, அன்று பொழுது சாய்வதற்குள் சரியா தப்பா என்று காரணத்தோடு எழுதி ஒட்டிவிடுவேன், பெர்னிட்டா, அதாவது நான், உறையின் மேல் கையெழுத்துப் போடட்டும், ஐந்து வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பிரிப்போம் என்றான். தப்பாக இருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் காபி அவன் செலவு. பல வெள்ளிக்கிழமை முகம் கோணாமல் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"ஆட்டம் முடிஞ்சப்புறம் எல்லாருக்கும்தான் அறிவு வருது. முடிவு எடுத்த அன்னிக்கு அந்தாளுக்கு என்ன தெரியும்னு பாருங்கய்யா. அதை வெச்சுத்தான் ஆளை எடை போடணும்" என்பான்.

அவன் எடை போட்டது பெரும்பாலும் ஒரே ஆளை. ரோலண்ட் ஹாஸ்கெட். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் ஒஹையோவிலிருந்து வந்து மில்லர்ஸுக்கு ஜெனரல் மேனேஜர் ஆனவர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்குப் பதில் யாரை வாங்குவது என்பதெல்லாம் அவர் வேலை. அவர் காலத்தில் மூன்று முறை கோப்பை ஜெயித்தோம். சின்ன லீக்தான். ஆனாலும் சிகாகோ பத்திரிகைக்காரர்கள் வந்து அவரைப் பெரிய மேதை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வெர்லின் அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பான். முதல் கோப்பை முழுக்க ஹாஸ்கெட்டுடையது என்பான். ஆட்டத்துக்கு ஆட்டம் ஃபவுல் வாங்கி வெளியே போய்க்கொண்டிருந்த டெரன்ஸ் மோப்ளியை, நன்றாகக் குறி பார்த்துப் போடும் இரண்டு பேரைக் கொடுத்து வாங்கினார். ஊரே சிரித்தது. வெர்லினின் உறையில் "சரி. இவனுக்குக் கால் நகர்த்தத்தான் தெரியவில்லை, அதைச் சொல்லிக் கொடுக்கலாம். உயரத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது" என்று இருந்தது. இரண்டாவது கோப்பை வெறும் அதிர்ஷ்டம், எதிரணியில் நான்கு பேருக்குக் காய்ச்சல். மூன்றாவது கோச்சுடையது. ஆக மொத்தம் ஹாஸ்கெட் கெட்டிக்காரர்தான், பத்திரிகைக்காரர்கள் சொல்வதில் பாதி அளவுக்கு. இவ்வளவு தெளிவாக எங்கள் ஊரில் வேறு யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஹாஸ்கெட்டை விட்டதே இல்லை. அது டானி லட்ஸ் விஷயம்.

டானி எங்கள் பையன். பள்ளிக்கூட மாநில இறுதி ஆட்டத்தில் முப்பத்தெட்டு புள்ளி எடுத்தவன். மில்லர்ஸில் சேர்ந்து மூன்று வருஷம் ஆடினான். அவனுக்கு இருபத்தைந்து வயதாக இருந்தபோது, ஒரு பிப்ரவரி மாதம், ஹாஸ்கெட் அவனை டகோட்டா அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கே ஆட வாய்ப்பில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை வாங்கினார். பதினோரு மாதத்தில் டானியின் முழங்கால் போனது. இங்கேயே இருந்திருந்தால் நம் ஆட்கள் பார்த்துப் பார்த்து ஆட விட்டிருப்பார்கள், அந்நிய ஊரில் மாட்டைப் போல வேலை வாங்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. வாங்கிய இருவரில் ஒருவன் பின்னால் மூன்றாவது கோப்பைக்கு முக்கியமானவன் ஆனான். ஊர் ஆறவில்லை.

நானும் ஆறவில்லை. டானி போன மறுநாள் ஹாஸ்கெட் என் கடைக்கு வந்து வழக்கம்போல இனிப்புக்கு ஆப்பிள் பை கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் ஆறு துண்டு அவர் கண்ணெதிரே இருந்தது. தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த நாளும் தீர்ந்துவிட்டது. மூன்றாவது நாளும். பிறகு அவர் வரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறேன்.

ஐந்து வருஷம் கழித்து டானி நொண்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். வெர்லின்தான் பஸ் ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்தான். அவனைக் கொடுத்த அன்று வெர்லின் எழுதி ஒட்டிய உறையைப் பிரிக்க வேண்டிய வெள்ளிக்கிழமையும் அதே மாதம் வந்தது. நான் டப்பாவை இறக்கினேன். வெர்லின் கையால் தடுத்தான்.

"வேணாம் பெர்னிட்டா. உள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பையன் முன்னாடி எதுக்கு?"

அவன் விதியை அவனே மீறியது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அது சரியாகவே பட்டது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம், ஹாஸ்கெட் பெயர் வரும்போதெல்லாம், "டானியைக் கொடுத்தது தப்புன்னு நான் அன்னிக்கே எழுதியிருக்கேன்" என்பான். யாரும் உறை இருக்கா என்று கேட்கவில்லை, தலைக்கு மேலே தட்டில்தான் இருந்ததே. பக்கத்து ஸ்டூலில் டானி தலை குனிந்து, பன் மாதிரி இருக்கும் எங்கள் ஊர் பிஸ்கட்டைக் கறிக்குழம்பில் தோய்த்துக்கொண்டிருப்பான். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் ஹாஸ்கெட் ஓய்வு பெற்றார். பள்ளி ஜிம்மின் கூரையில் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர் எழுதிய கொடிகள் தொங்குகின்றன. அவர் பெயரையும் ஏற்ற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மில்லர்ஸ் ஊர் மக்கள் பங்கு போட்டு நடத்தும் அணி. அதனால் ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில், வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்கட்டும், அப்படி முடிவு செய்வோம் என்றானது. வெர்லினைப் பேசச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்றால் பாதி ஜிம் உட்கார்ந்துவிடும். அது எல்லாருக்கும் தெரியும்.

கொடி ஏறுவதும் ஏறாததும் ஹாஸ்கெட்டின் கவலை. வெர்லினுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது, அவனுடைய வாக்கு. காடு, நிலம், பிள்ளைகுட்டி என்று அவனுக்கு எதுவும் கிடையாது. வெர்லின் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான் அவன் சம்பாதித்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்து டானியின் உறையைக் கேட்டான். பிரிக்காமலே எடுத்துப் போய் எல்லார் முன்னாலும் பிரிக்கப் போவதாகச் சொன்னான். டானி கரண்டியைக் கீழே வைத்தான்.

"விட்டுடுங்க வெர்லின். அது பழைய கதை."

"பழசா இருந்தா என்னடா? எழுதினது எழுதினதுதான்."

"எனக்காக வேணாம்னு சொல்றேன்."

"உனக்காகத்தான்டா பிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உறையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜிம் நிறைந்திருந்தது. ஹாஸ்கெட் மூன்றாவது வரிசையில் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெர்லின் ஜோராகப் பேசினான். முதல் கோப்பைக்கு அவரைப் பாராட்டினான். இரண்டாவதற்குக் காய்ச்சலைப் பாராட்டினான், ஹாஸ்கெட்டே சிரித்துவிட்டார். மூன்றாவதைக் கோச்சின் கையில் கொடுத்தான். பிறகு உறையை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினான். கணக்குப் பார்த்துப் பார்த்து ஆளை விற்பவனுக்குக் கூரையில் இடம் கொடுக்கலாமா என்று இதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிப் பிரித்தான்.

படித்தான். மறுபடியும் படித்தான். அவன் காது இரண்டும் சிவந்ததை நான் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். தாளில் என்ன இருக்கிறது என்பது அந்த ஜிம்மில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தப்பு என்று எழுதியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். யாரும் பிடுங்கிப் பார்த்திருக்க மாட்டோம்.

அவன் சத்தமாகவே வாசித்தான்.

"பிப்ரவரி ஒன்பது. டானியைக் கொடுத்துவிட்டார்கள். சரிதான். மூன்று வாரமாகப் பையன் இடது காலை ஊன்றி எழும்பவே இல்லை. மறைத்து ஆடுகிறான். முழங்கால் போய்விட்டது. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் சரி."

வெர்லின் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது என் கையெழுத்துதான். தப்புன்னு எழுதினதா இத்தனை வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். பொய்ன்னு தெரிஞ்சு சொல்லல. அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு. மத்தவங்களை எல்லாம் உறை இருக்கான்னு கேட்டவன் நான்." அவன் குரல் உடைந்தது. "டானி, என்னை மன்னிச்சுருடா."

டானி பின்வரிசையில் எழுந்தான். அந்தக் காலோடு எழுந்திருக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது.

"என்னை அவர் கொடுக்கல. நான்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நீங்க எல்லாரும் பார்த்துட்டிருக்கும்போது இந்தத் தரையில நொண்ட எனக்கு மனசு வரல. முட்டி போச்சுன்னு அவர் டகோட்டாக்காரங்ககிட்ட ஒளிக்கல, எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினாரு. அவங்க டாக்டர் சரி பண்ணிடலாம்னு நம்பி எடுத்துக்கிட்டாங்க. ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு மிஸ்டர் ஹாஸ்கெட்கிட்ட கெஞ்சினேன். அவர் சொல்லல."

யாரோ, இத்தனை வருஷம் நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்கள். டானி வெர்லினைத்தான் பார்த்தான்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க எனக்காகக் கோவப்பட்டீங்க வெர்லின். வேற யாரும் எனக்காக அவ்ளோ கோவப்பட்டதில்ல. அதை விட்டுக்கொடுக்க முடியல."

கூட்டத்தை நடத்திய தலைவர், ஹாஸ்கெட்டைப் பார்த்து, ஏதாவது சொல்கிறீர்களா என்றார். அவர் உட்கார்ந்தபடியே, "அது அவன் சொல்ல வேண்டிய விஷயம். சொல்லிட்டான்" என்றார். அவ்வளவுதான். ஊரே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மனுஷன், ஒரு வார்த்தையில் எங்கள் வாயை அடைத்திருக்கலாம். பதினெட்டு வருஷம் அதைச் செய்யாமல் பஸ் ஷெட்டைத் தாண்டி வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

எழுந்து நிற்கச் சொன்னபோது முதலில் நின்றது வெர்லின். எண்ணவே தேவையிருக்கவில்லை. நானும் நின்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வெர்லின் வந்து எல்லாருக்கும் காபி அவன் செலவு என்றான். யாரும் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு அவன் பேர் குறைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டால், அந்த ஜிம்மில் அந்தத் தாளை வாசித்தவனை விட நம்பகமான ஆளை நான் பார்த்ததில்லை என்பேன். அவனிடமும் சொன்னேன். வேலையைப் பார் என்றான். டானி எப்போதும் போல அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

கதவு மணி அடித்தது. ஹாஸ்கெட் வாசலில் நின்றார், உள்ளே வரலாமா என்று யோசிப்பதைப் போல. வெர்லின் தன் தொப்பியை அடுத்த ஸ்டூலிலிருந்து எடுத்தான்.

"மூணாவது கோப்பை கோச்சோடதுதான். அதுல மாத்தமில்ல" என்றான்.

"உங்க ரெண்டாவது கணக்கும் சரிதான். காய்ச்சல் இல்லன்னா தோத்திருப்போம்" என்று சொல்லி ஹாஸ்கெட் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆப்பிள் பை இருக்கா பெர்னிட்டா, இல்ல தீர்ந்துடுச்சா?"

பதினெட்டு வருஷம் நான் சொல்லிச் சிரித்த கதை அது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முழுத் தட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.